உதாரணத்துக்கு ஒருவர்

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் கையில் நீராவி பட்ட இடம் ஆறிவிட்டதா? மாப்பிள்ளையும் குட்டிப்பெண் வாலுவும் எப்படி இருக்கிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்லிக்கொண்டிருந்த பத்து வருட வழக்கு கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. ஏப்ரலில் விசாரணை. உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன், கொட்டாவி விடாமல் படி. அனுமதிக் காலம் முடிந்துபோன ஒருவர், மாதம் தவறாமல் குடியேற்ற அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, பத்து வருடம் ‘தொடர்ந்து’ இந்த நாட்டில் இருந்தால், நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்பது சட்டம். நடுவில் ஒரு வாரம் வெளியே போய்விட்டு வந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறதா, இல்லையா? இதுதான் கேள்வி. ஒரு சமையல்கார அம்மாள் தொடுத்த வழக்கு. மகள் பிரசவத்துக்கு ஆறு நாள் போய் வந்தார். ‘போச்சு, முதலிலிருந்து ஆரம்பி’ என்கிறது அரசு.

எங்கள் சட்ட மாத இதழில் இந்த வழக்குக்கு முன்குறிப்பு எழுதப்போவது நான்தான். நீதிபதிகளே நம் இதழைப் படிக்கிறார்கள் என்று ஆசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளை கையெழுத்துப் போட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. விண்ணப்பம் போட இதுதான் சமயம். அதற்கு முன்னால் கேட்கிறேன்: அவர் கோப்பில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒளிக்காமல் எழுது. போனில் வேண்டாம். கையெழுத்துப் போடும் நாளில் போனை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அண்ணனாகக் கேட்கவில்லை, வக்கீலாகக் கேட்கிறேன்.

மூவருக்கும் என் அன்பு.

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். கை ஆறிவிட்டது. புதுத் தோல் மட்டும் ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னை இப்போது தேய்ப்பு மெஷினிலிருந்து எடுத்து மடிப்பு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. கனவில்கூட மடித்துக்கொண்டிருக்கிறேன். உன் முழங்காலுக்குக் கீழ்த்தளத்தில் வீடு பார் என்று நான் சொல்லி மூன்று வருடம் ஆகிறது.

கொட்டாவி விடவில்லை. இரண்டாவது பத்தியில் ஒன்று வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீ கேட்டதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் தவித்தேன். கடைசியில் அவரையே கேட்டேன். “மச்சான்கிட்டதானே? சொல்லு. அவர்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?” என்றார். அதனால் எழுதுகிறேன்.

நாலாவது வருடம் அவருடைய அப்பா இறந்தபோது அவர் போகவில்லை என்று உன்னிடம் சொன்னோம். போனார். பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் சரக்கு லாரியில் ஏறி எல்லை தாண்டினார். ஒன்பது நாளில் அதே மாதிரி திரும்பி வந்துவிட்டார். கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லியிருந்தோம். அடுத்த பதினைந்தாம் தேதி, ‘நாட்டைவிட்டு வெளியே போனீர்களா?’ என்று படிவத்தில் இருக்கும் கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டார். அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார், அவ்வளவுதான் அண்ணா. உன்னிடம் சொன்னால் நீ சட்டம் பேசுவாய், அவரும் போகாமலே இருந்துவிடுவார் என்று நான்தான் மறைத்தேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

இது உனக்கு மட்டும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

வாலு தன் அப்பா ‘லிஃப்டுக்கெல்லாம் டாக்டர்’ என்று பள்ளியில் சொல்லிவைத்திருக்கிறாள். டீச்சர் முதுகுவலிக்கு மாத்திரை கேட்டாராம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

உங்கள் நலம் அறிந்து நிம்மதி. உன் கடிதத்தை அன்றைக்கே எரித்துவிட்டேன்.

திட்டப்போவதில்லை. பத்து நிமிடம் கோபம் வந்தது, உண்மைதான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் எனக்கே சிலிர்த்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் முன்னால் இருக்கும் கேள்வியே இதுதானே! சமையல்கார அம்மாளின் வழக்கைவிட மாப்பிள்ளையின் வழக்கு ஒரு படி உசத்தி. அந்த அம்மாள் ஒரு மாதக் கையெழுத்தைத் தவறவிட்டார். மாப்பிள்ளை பதினோரு வருடத்தில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. போனது மரணத்துக்கு. இதைவிடச் சுத்தமான விவரம் எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்?

விண்ணப்பத்தை இப்போது போடவேண்டாம். தீர்ப்பு வரட்டும். கையெழுத்து மட்டும் ஒரு மாதமும் தவறக் கூடாது. மழையோ காய்ச்சலோ, பதினைந்தாம் தேதி காலையில் அவர் அந்த ஜன்னல் முன்னால் நிற்கவேண்டும்.

இங்கே எனக்கு ஒரு தலைவலி. ஆசிரியர் என் முன்குறிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். “‘க’ என்பவர், ‘ங’ என்பவர்னு எழுதினா எவன்யா படிப்பான்? ரத்தமும் சதையுமா ஒரு ஆளைக் கொண்டு வாங்க” என்கிறார். பார்ப்போம்.

வாலுவிடம் சொல், எனக்கும் முழங்காலுக்கு மாத்திரை வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

சௌக்கியமா? இங்கே எல்லோரும் நலம். வாலுவுக்கு மட்டும் முன்பல் விழுந்து, ‘ச’வெல்லாம் காற்றாகப் போகிறது.

ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? விசாரணை நெருங்குகிறது என்பதால் பேனாவும் கையுமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாத இதழும் வரவில்லை. அச்சில் வந்த அன்றே அனுப்பிவைப்பாயே! நான் படிப்பதில்லை என்று கண்டுபிடித்துவிட்டாயா? படிப்பேன் அண்ணா. உன் பெயர் போட்ட பக்கத்தை எடுத்து, ஒரு பத்தி தாக்குப்பிடித்து, பிறகு உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மறந்திருந்தால் அனுப்பிவை.

அவர் போன வாரம் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு மேலே நின்று கம்பி மாற்றியிருக்கிறார். கட்டடக்காரர் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு டீ கொடுத்தாராம். அதை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “காகிதம் கைக்கு வந்துட்டா நானே சொந்தமா லைசென்ஸ் எடுத்துருவேன்” என்கிறார். அவர் இப்படி ஆசையாகப் பேசிக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா? உன் வாயால் நல்ல செய்தி வரவேண்டும்.

தங்கை


ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மூன்று நாளாகத் தூங்கவில்லை, ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறது.

விசாரணை முடிந்தது. பார்வையாளர் வரிசையில் மூன்றாவது பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூத்த நீதிபதி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “ஒரு சட்ட இதழில் ஓர் உதாரணம் படித்தேன்” என்று ஆரம்பித்தார். என் உதாரணம்! அதை அப்படியே எடுத்து அரசு வக்கீல் முன் வைத்து, “இவருக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன், ஒரு நீதிபதியின் வாயிலிருந்து என் வரி வந்தது இதுவே முதல் தடவை.

அதற்கு அந்த வக்கீல் என்ன சொன்னான் தெரியுமா? “அந்த மனிதர் கட்டுரையாளரின் கற்பனையில் மட்டுமே குடியிருக்கிறார். அங்கே அவர் நிரந்தரமாகத் தங்குவதில் அரசுக்கு ஆட்சேபணை இல்லை.” கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மாளும் சிரித்துவிட்டார். கேள்வி அப்படியே காற்றில் போய்விட்டது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சாட்சியில்லாத கதை சொல்லுகிறவன் என்று ஆக்கிவிட்டான்.

விடப்போவதில்லை. அடுத்த இதழுக்கு நாலு வரி பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தீர்ப்பு வர நான்கு மாதம் ஆகலாம். நமக்குச் சாதகமாகத்தான் வரும் என்று என் மனசு சொல்கிறது. பதினைந்தாம் தேதியை மறக்கவேண்டாம்.

அண்ணன்


மே 3

அண்ணாவுக்கு,

நீ தூங்காமல் இருந்தால் உனக்கு ரத்த அழுத்தம் ஏறும். முதலில் தூங்கு. நாங்கள் நலம்.

நீதிபதி உன் எழுத்தை எடுத்துப் பேசினார் என்று படித்ததும் சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மடிப்பு மேஜையில் கைதட்டினார்கள். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் என்ன புரிந்தது? ஆனால் பெருமையாக இருந்தது அண்ணா. அம்மா இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பாள்.

அந்த வக்கீல் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நாலு வரி எதற்கு? சின்ன வயதிலிருந்தே உனக்கு இது ஒரு வியாதி. அடித்தால்கூடத் தாங்கிக்கொள்வாய், ‘பொய் சொல்றான்’ என்று யாராவது சொல்லிவிட்டால் மூன்று நாள் பட்டினி கிடப்பாய்.

அதிருக்கட்டும், அது என்ன உதாரணம்? யாரைப் பற்றி? ஏப்ரல் இதழ் இன்னும் வரவில்லையே.

தங்கை


மே 24

அண்ணாவுக்கு,

நலமா? உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி அவர் வழக்கம்போல் இமிக்ரேஷன் ஆபீஸுக்குப் போனார். பதினோரு வருடமாக மூன்றாம் ஜன்னல். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாள் எப்போதும் இவரைப் பார்த்ததும் பேனாவை எடுத்து நீட்டுவார். இந்தத் தடவை பேனாவை நீட்டவில்லை. “உள்ளே ஒரு நிமிஷம் வாங்க” என்று பின்னால் ஓர் அறைக்கு அனுப்பியிருக்கிறார். அறையில் ரெண்டு பேர். ஏழு வருடத்துக்கு முன்னால் மார்ச் மாதம் எந்தெந்தக் கட்டடத்தில் வேலை செய்தீர்கள், கம்பெனியின் வேலைப் பதிவேட்டைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு, எழுந்து வரும்போது, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல், “உங்க மனைவியோட அண்ணன் என்ன வேலை பார்க்கறார்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏன் அண்ணா? உன்னைப் பற்றி இவர்களுக்கு என்ன?

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாப்பாட்டுத் தட்டை மட்டும் பாதியில் தள்ளிவிட்டார். கம்பெனி மேஸ்திரி, “ரெண்டு மாசம் கையெழுத்து கிடக்கட்டும், என் மச்சினன் ஊர்ல வேலை இருக்கு, போயிரு” என்கிறார். இவர், “மச்சான் என்ன சொல்றாரோ அதுதான்” என்று உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பதினைந்துக்குப் போகட்டுமா, வேண்டாமா? உடனே எழுது. அவரை அனுப்பிவிட்டால் வாலுவும் நானும் இங்கே என்ன செய்வோம்?

தங்கை


ஜூன் 10

அன்புத் தங்கைக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

பயப்பட ஒன்றுமில்லை. இது வழக்கமான சரிபார்ப்பு. பெரிய வழக்கு நடக்கும்போது பழைய கோப்புகளைத் தூசி தட்டுவார்கள். மேஸ்திரி பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு கையெழுத்து தவறினால் பதினோரு வருடமும் போய்விடும், தலைமறைவு என்று முத்திரை குத்திவிடுவார்கள். அவர் கட்டாயம் போகவேண்டும்.

மற்றவை பிறகு.

அண்ணன்


ஜூன் 20

அண்ணாவுக்கு,

உன் நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை.

நீ சொன்னபடி போனார். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். நான் எதிர்த்த பக்கத்து பஸ் நிழற்குடையில் காலை ஒன்பது மணியிலிருந்து நின்றேன். ஆபீஸை ஐந்து மணிக்கு மூடிவிட்டார்கள். வாட்ச்மேனிடம் கேட்டேன். “உள்ள யாரும் இல்லம்மா, பின்வாசல் வழியா வண்டி போயிருச்சு” என்றான்.

நாலு நாள் கழித்துக் காட்டினார்கள். நடுவில் கண்ணாடி, ரெண்டு பக்கமும் போன். இளைத்துவிட்டார். முதலில் வாலு சாப்பிட்டாளா என்றுதான் கேட்டார். பிறகு சொன்னார்: “மேஜை மேல மச்சானோட பத்திரிகை ரெண்டு இருந்துச்சு. மஞ்சள் கோடு போட்டு வச்சிருந்தாங்க. அவர் போட்டோவைப் பார்த்ததும், நமக்கு உதவியாத்தான் ஏதோ எழுதியிருக்காருன்னு நினைச்சேன்.”

இலவசச் சட்ட உதவி வக்கீல் பெண்ணிடம் அந்த ரெண்டு இதழையும் வாங்கிப் படித்தேன். இந்தத் தடவை ஒரு பத்தியோடு நிறுத்தவில்லை. ‘ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை எடுத்துக்கொள்வோம். பதினோரு வருடத்தில் ஒரு கையெழுத்தும் தவறாதவர். நாலாவது வருடம், தந்தை இறந்தபோது, சரக்கு லாரியில் எல்லை தாண்டி ஒன்பது நாள்...’ இது ஏப்ரல். நீ எனக்கு அனுப்பாத இதழ். ‘அந்த மெக்கானிக் கற்பனை அல்ல. அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.’ இது மே. இந்த நாலு வரி இல்லாவிட்டால் அவர்கள் யாரைத் தேடியிருப்பார்கள்? உன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட லிஃப்ட் மெக்கானிக் உலகத்தில் எத்தனை பேர் அண்ணா?

உனக்கு மட்டும் என்றுதானே எழுதினேன்? கடிதத்தை எரித்தாய், அதில் இருந்ததை அச்சடித்தாய். எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவருக்கு வரவில்லை. “மச்சான் வேணும்னு செஞ்சிருப்பாரா?” என்கிறார். எனக்கு அவர்மேலும் ஆத்திரம் வருகிறது.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். ஜூன் பத்தாம் தேதி, ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று எழுதினாயே. அப்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா?


ஜூலை 8

தங்கைக்கு,

தெரியும்.

மே இருபதாம் தேதி ஆசிரியர் சொன்னார், மாத ஆரம்பத்திலேயே அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ரெண்டு இதழும் வாங்கிப் போனதாக. நாலு நாளில் நீ எழுதினாய். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவனா நான்?

ஊரை மாற்றி எழுதினேன். வயதை மாற்றினேன். தொழிலையும் நாட்களையும் மாற்ற மனசு வரவில்லை. ஒன்பது நாளை ஏழு என்று எழுதினால் என் கை எழுதாது. விவரம் துல்லியமாக இருந்தால்தான் வாதம் நிற்கும் என்று பழகிய கை. உனக்குக் கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் எழுதும்போது எனக்கு மாப்பிள்ளையின் முகமே நினைவுக்கு வரவில்லை. நல்ல உதாரணம் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

உன் கடிதம் வந்ததும் ‘போகாதே என்று சொல்’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏன் என்று நீ கேட்பாய். அந்த ‘ஏன்’ என்பதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பதினைந்து நாள் காகிதத்தை எடுப்பதும் கசக்கிப் போடுவதுமாக இருந்தேன். கடைசியில் சட்டப்படி எது சரியோ அதை எழுதி, அதற்குள் ஒளிந்துகொண்டேன். தீர்ப்பு சீக்கிரம் வந்துவிடும், ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே என் நண்பனை வைத்து, அவரை அனுப்பக் கூடாது என்று மனுப் போட்டிருக்கிறேன். உங்களை இந்த நாட்டுக்கு வரச் சொன்னவனே நான்தான். எப்பாடு பட்டாவது அவரை வெளியே கொண்டுவருவேன். நான் புறப்பட்டு வரட்டுமா? நீ வரச் சொன்னால்தான் வருவேன்.

வாலு எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 12

அண்ணா,

நான் இருக்கிறேன். வாலு பள்ளிக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், அதிகம் பேசுவதில்லை. உன் மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுதாமல் மடித்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி அவரை அனுப்பிவிட்டார்கள். உன் மனு எடுக்கப்படும் முன்பே. அந்தப் பக்கத்திலிருந்து யாருடைய போனிலோ பேசினார். “வந்து சேர்ந்துட்டேன்” என்றார், வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர் மாதிரி.

ஆகஸ்ட் இருபத்தெட்டில் தீர்ப்பு வந்தது. சமையல்கார அம்மாள் ஜெயித்துவிட்டார். எனக்கு நிஜமாகவே சந்தோஷம்தான், அந்த அம்மாள் என்ன பாவம் செய்தார்? முப்பத்தொன்றாம் பத்தியில் என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று வக்கீல் பெண் காட்டினாள். அப்பா சாவுக்கு ஒன்பது நாள் போனவருக்குத் தொடர்ச்சி அறுவதில்லையாம். ஆனால் போனதை மறைத்துப் படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டவரை என்ன செய்வது என்பது ஆபீஸின் விருப்பமாம். ஒரே பத்தியில் அவரை உள்ளே விட்டு, அதே பத்தியில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது என் பெயருக்கு ஒரு நோட்டீஸ். இத்தனை வருடமும் நான் அவர் கோப்பில் ஒரு தாள், எனக்கென்று கையெழுத்து இருந்ததில்லை. செப்டம்பர் இருபத்தொன்பது, காலை பதினோரு மணி, குழந்தையையும் அதன் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுவரவும் என்று போட்டிருக்கிறது. குழந்தை எதற்கு என்று போடவில்லை. போனால் வண்டி எங்கள் ரெண்டு பேரையும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகுமா என்று வக்கீல் பெண்ணைக் கேட்டேன். அவள் நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கத்திலும் தேடினாள்.

மேஸ்திரி சம்சாரம் வேறு ஊரில் ஓர் இடம் சொல்கிறாள். போனால் வாலுவுக்குப் பள்ளி இல்லை, எனக்கு வேலை இல்லை, வாழ்நாள் பூராவும் ஒளிந்துதான் இருக்கவேண்டும்.

நடந்ததெல்லாம் நடந்துவிட்டது. எனக்கு இன்னமும் கேட்பதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை, அதுதான் என் தலையெழுத்து. போகவா, வேண்டாமா? சட்டம் வேண்டாம். காரணம் வேண்டாம். ஒரு வார்த்தை எழுது. போனில் வேண்டாம், என் போனையும் நிறுத்திவிட்டேன். பதில் வராவிட்டால் போகச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். எப்போதும் அதைத்தானே சொல்லியிருக்கிறாய்.

தங்கை


செப்டம்பர் 30

போகாதே.

இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். நேற்று இருபத்தொன்பது.

நான் ஊரில் இல்லை. முப்பத்தொன்றாம் பத்தியைப் பற்றிப் பேச மூன்று சட்டக் கல்லூரிகளில் கூப்பிட்டார்கள். பதினைந்தாம் தேதி கிளம்பினேன். மனு பலிக்காமல் போன வெட்கத்தில், உன்னைப் போன்றவர்களுக்காவது நாலு பேரைத் தயார் செய்யலாம் என்று போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கூப்பிட்டார்கள், போனேன். அதுதான் நிஜம். கடைசிக் கல்லூரியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இன்று மத்தியானம் கதவைத் திறந்தால் காலடியில் உன் உறை. பத்துப் பன்னிரண்டு நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது.

உன் போன் அடிக்கவே இல்லை. சலவைக்கூடத்துக்குப் பேசினேன். “நேத்து லீவு சொல்லியிருந்தாங்க, இன்னிக்கும் வரலை சார்” என்றார் மேற்பார்வைக்கார அம்மாள். பள்ளிக்குப் பேசினேன். நேற்றுக் காலை பத்து மணிக்கு நீ வந்து வாலுவை அழைத்துப் போனதாகச் சொன்னார்கள். கையில் பை இருந்ததா என்று கேட்டேன். கவனிக்கவில்லையாம்.

பத்து மணிக்கு அழைத்துக்கொண்டு எங்கே போனாய் அம்மா? பள்ளியிலிருந்து அந்த ஆபீஸுக்கும் ஒரு மணி நேரம், பஸ் நிலையத்துக்கும் ஒரு மணி நேரம். வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு விரலால் அளந்துகொண்டிருக்கிறேன். என்னிடமிருந்து பதில் வரவில்லை. நீ சொன்ன கணக்குப்படி நான் உன்னைப் போகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவையாவது என் பேச்சு உனக்குப் புளித்துப்போயிருக்கவேண்டும், இவன் என்ன சொல்வது என்று நீ அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கவேண்டும் என்று குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் பொறுக்க முடியாமல் குடியேற்ற அலுவலகத்துக்கே போன் போட்டேன். நேற்றுப் பதினோரு மணிக்கு ஒரு பெண்ணும் குழந்தையும் வந்தார்களா என்று கேட்டேன்.

“யாரைப் பத்திக் கேக்கறீங்க? நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்றது ஒரு குரல், மரியாதையாக. பக்கத்தில் பேனா திறக்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். நீ போகாமல் இருந்திருந்தால், உன்னைத் தேடச் சொல்லி நானே ஆள் அனுப்புவதாகிவிடும். போயிருந்தால், உன் பெயரை நான் சொல்லாமல் நீயும் வாலுவும் எங்கே என்று எனக்குத் தெரியவே போவதில்லை.

“யாரும் இல்லைங்க, ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அண்ணன்